2,815 சொற்கள்

முதல் வரைவை எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் சொற்கள். அனுப்ப வேண்டிய இடத்திலோ 2,815 சொற்களுக்குத்தான் அனுமதி. அடிக்குறிப்பும் இணைப்பும் அந்தக் கணக்கில் சேராது, அது ஒன்றுதான் ஆறுதல். பல அமைப்புகள் கூடிக் கூட்டறிக்கையாகக் கொடுத்தால் 5,630 வரை போகலாம். எங்களோடு கூட அந்த வருடம் யாரும் முன்வரவில்லை.

யு.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிற உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கு நாங்கள் தயாரித்த அறிக்கை அது. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏறக்குறைய நாலரை வருடத்துக்கு ஒரு முறை ஜெனீவாவில் மற்ற நாடுகளின் முன்னால் உட்கார்ந்து, தங்கள் மனித உரிமை நிலவரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2008-இல் தொடங்கிய ஏற்பாடு. அந்த மேசைக்கு மூன்று ஆவணங்கள் போகும்: அரசு எழுதுவது ஒன்று, ஐ.நா. அமைப்புகள் ஏற்கெனவே சொன்னவற்றின் தொகுப்பு ஒன்று, எங்களைப் போன்றவர்கள் அனுப்புவதன் சுருக்கம் ஒன்று. அந்த மூன்றாவதில் பாலீர்ப்பு (யார்மேல் ஈர்ப்பு என்பது), பாலின அடையாளம் (தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது) பற்றி ஒரு பத்தியாவது வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் சிறு குழுவின் ஆசை. எந்த நாடு, எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

நான் உள்ளே வந்தது மொழிபெயர்ப்பாளராக. வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் ஆக்கித் தர ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். இரண்டே மாதத்தில் வாக்குமூலம் எடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. பயிற்சி என்று சொல்ல அரை நாள் கூட்டம் ஒன்று நடந்தது. மீதியெல்லாம் தப்புச் செய்து கற்றதுதான்.

ஆரம்பத்தில் பேச வந்தவர்களில் ஒருவர் திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர். மருத்துவமனையில் செவிலியர் வேலை. வீட்டில் தாங்க முடியாமல் வெளியேறி வேறோர் ஊரில் வேலை தேடிக்கொண்டவர். வீட்டார் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். காவலர்கள் தேடிப்பிடித்து நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். முப்பதை நெருங்கும் வயதில் இருக்கிற மனிதர், தன் விருப்பப்படிதான் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தும், அண்ணனிடம் ஒப்படைத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நடந்ததை இங்கே எழுத மாட்டேன்.

இரண்டு மணி நேரம் பேசினார். நான் பெயரை எடுத்துவிட்டு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, அச்செடுத்து அவரிடமே கொடுத்தேன். வயது 29, இன்ன ஊர் மருத்துவமனை, குழந்தைகள் பிரிவு, இரவுப் பணி. எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு. அவர் மெதுவாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

"அக்கா, பேர் மட்டும்தான் இதுல இல்ல. மத்ததெல்லாம் நான்தான்."

அன்றைக்குப் புரிந்தது. ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் பெயர் தேவையே இல்லை. வயது, வேலை, ஊர், வேலை நேரம் நான்கும் ஒரே வரியில் வந்துவிட்டால் போதும். அறிக்கை எழுதும்போது நாம் எப்போதும் அரசை நினைத்தே பயப்படுகிறோம். அரசுக்கு அவரைத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு சுருக்கத்தையும் 'இதை இவருடைய அண்ணன் படித்தால் கண்டுபிடிப்பாரா' என்று கேட்டுத்தான் முடித்தேன். வயது 'இருபதுகளின் பிற்பகுதி' ஆனது, வேலை 'சுகாதாரத் துறை' ஆனது, ஊர் போயே போனது. ஆனால் அதிகாரி என்ன செய்தார், எந்த மாதம், எந்தச் சட்டப் பிரிவைச் சொன்னார் என்பதில் கைவைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரைப் பற்றி மங்கலாக, செய்தவரைப் பற்றித் தெளிவாக. நாங்கள் முதலில் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருந்தோம்.

ஒப்புதல் வாங்குவதும் அப்படித்தான். 'பேசலாமா?' 'சரி' என்பதோடு ஒப்புதல் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மனித உரிமை நிலவரத்தைக் கவனிக்க ஐ.நா. நியமிக்கும் சிறப்பு அறிக்கையாளர்களுக்கும் சுயாதீன நிபுணர்களுக்கும் ஒரு சம்பவத்தை அனுப்பும் படிவத்தைப் பார்த்தபோதுதான் கண் திறந்தது. அதில் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலைப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறார்கள். அரசுக்கு எழுதும் கடிதத்தில் இவர் பெயரைச் சொல்லலாமா? பின்னால் வெளியாகும் அறிக்கையில் சொல்லலாமா? ஒன்றுக்குச் சரி என்றவர் அடுத்ததற்கு வேண்டாம் எனலாம். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. நிபுணர் அரசுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் எழுதினால், 'யாரோ ஒருவருக்கு ஏதோ நடந்ததாம்' என்றால் அரசு என்ன விசாரிக்கும்? பெயர் போனால்தான் பெரும்பாலும் பதில் வரும். பதிலுக்கு அரசுக்கு 60 நாள். அது முடிந்ததும் கடிதமும் பதிலும் இணையத்தில் எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். வாக்குமூலம் கொடுப்பவருக்கு இந்த 60 நாள் கணக்கை முதலிலேயே சொல்லாமல் வாங்கும் கையெழுத்து கையெழுத்தே இல்லை.

நாங்கள் சொல்லாமல் விட்டது இன்னொன்று: எந்தத் தேதிவரை பின்வாங்கலாம் என்பது. அறிக்கையை அனுப்பிய மறுநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டில் பேச்சு அடிபடுகிறது, தன்னுடையதை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். 'அனுப்பியாச்சும்மா' என்று நான் சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சொன்னது அறிக்கையில் அரை வரிதான், அதில் அடையாளம் எதுவும் இல்லை, நல்லவேளை. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு: 'இந்தத் தேதி மாலைக்குள் சொன்னால் எடுத்துவிடுவோம்.'

பெயரோடு நின்று போராடியவர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆண்களுக்கிடையே உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து நிக்கோலஸ் டூனென் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். 1994-இல் தீர்ப்பு வந்தது. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 'பால்' என்று இருக்கும் சொல்லில் பாலீர்ப்பும் அடங்கும் என்றது அந்தக் குழு. 1997-இல் டாஸ்மேனியா சட்டத்தை எடுத்துவிட்டது. இலங்கையின் ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவுக்குப் போய், பெண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்குவது அந்தக் குழுவின் உடன்படிக்கையை மீறுவது என்று 2022-இல் தீர்ப்புப் பெற்றார். இந்தக் குழுக்களுக்குத் தனிநபர் புகார் கொடுப்பவர் யார் என்றே சொல்லாமல் கொடுக்க முடியாது. வெளியிடும்போது பெயரை மறைக்கக் கேட்கலாம், குழுவிடம் மறைக்க முடியாது. உள்நாட்டு வழிகளையெல்லாம் தட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும். அதற்குத் தெம்பும் துணையும் வேண்டும். வாக்குமூலம் எடுக்கப் போகிற நம் ஆர்வம் அவருடைய தெம்பாக ஆகிவிடாது.

கேள்வி கேட்கும் விதத்துக்கு வருகிறேன். 'ஏன் அப்போதே புகார் கொடுக்கவில்லை?' என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். கேட்ட நொடியே எதிரில் இருந்தவர் முகம் மூடிக்கொண்டது. எங்கே கொடுப்பது, செய்தவரிடமேயா? அதற்கப்புறம் நான் அதிகம் பயன்படுத்திய கேள்வி 'அப்புறம்?' என்பதுதான். தேதி நினைவில்லை என்பார்கள். 'தம்பி பரீட்சைக்கு முன்னாலா, பின்னாலா' என்று கேட்டால் மாதம் கிடைத்துவிடும். எழுதும்போது பக்கத்தை மூன்றாக மடித்துக்கொள்வேன்: அவர் கண்டது, அவர் கேட்டது, நான் நினைத்தது. மூன்றாவதை அறிக்கைக்குள் விடக் கூடாது. சொல்வது சுலபம், நள்ளிரவில் தட்டச்சு செய்யும்போது அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டதிலும் கவனம் வேண்டும். ஒரு விடுதியில் காவல்துறை புகுந்து இருபது பேரைப் பிடித்துப் போனதாக ஐந்து பேர் எங்களிடம் சொன்னார்கள். ஐந்து பேர், ஒரே எண்ணிக்கை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று எழுதியும் விட்டேன். எங்கள் குழுவின் வழக்கறிஞர்தான் ஒவ்வொருவரையும் 'நீங்க எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?' என்று கேட்டார். ஐவருக்கும் வந்தது ஒரே வாட்ஸாப் செய்தி. கடைசியில் ஒரு சாட்சியைத் தேடிப் பேசியபோது, பிடிபட்டவர்கள் அதில் பாதிகூட இல்லை. அந்த ஒரு எண் தப்பாகப் போயிருந்தால் அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கங்களையும் பொய்யாக்கியிருக்கும்.

யார் பேசவில்லை என்பதை நாங்கள் கவனிக்கத் தாமதமானது. எங்களுக்கு ஆட்களை அறிமுகம் செய்தவர்கள் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் வேலை செய்தவர்கள். அதனால் வந்தவர்களில் தன்பாலீர்ப்பு ஆண்களும் திருநங்கைகளும்தான் அதிகம். சம்பவங்களும் தெருவில், பூங்காவில், காவல் வண்டியில் நடந்தவை. பெண்களை நேசிக்கும் பெண்கள் ஏறக்குறைய இல்லை. அவர்களுக்குக் கொடுமை நடக்கும் இடம் வீடு. பூட்டிய அறை, பிடுங்கிய செல்பேசி, அவசரக் கல்யாணம். எந்தக் காவல் பதிவேட்டிலும் அது வராது, வந்தாலும் 'காணவில்லை' புகாராக வரும். வழி மாற்றித் தேட ஆரம்பித்த பிறகுதான் செவிலியரின் கதை ஒரு தனிக் கதை இல்லை, வழக்கமாகவே நடப்பது என்று தெரிந்தது. அதே புகார், அதே ஒப்படைப்பு, திரும்பத் திரும்ப.

ஊடுபால் மனிதர்களை, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டுக்குள் அடங்காத உடலமைப்போடு பிறந்தவர்களை, 'இவர்களும்' என்று கடைசி வரியில் சேர்த்துவிட்டுப் போகும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. பேசிப் பார்த்தபோது அவர்கள் கேட்டதே வேறு. குழந்தையாக இருக்கும்போது, உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாத நிலையில், உடலை 'சரிசெய்ய' அறுவை சிகிச்சை செய்யாதீர்கள் என்பதுதான் முதல் கோரிக்கை. மால்டா 2015-இலேயே அதற்குச் சட்டம் போட்டது. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை அவர்களுக்கென்று முதல் தீர்மானம் நிறைவேற்ற 2024 ஆகிவிட்டது.

சொற்களோடு நான் பட்ட பாடு தனி. பேசுபவர் தன்னை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறாரோ அதையே தமிழ்க் குறிப்பில் எழுதினேன். திருநம்பி என்றால் திருநம்பி, பால்புதுமையர் (ஆங்கிலத்தில் 'குயர்') என்றால் அதுவே. எதுவும் வேண்டாம், 'நான் நான்தான்' என்றவரும் உண்டு. ஐ.நா. ஆவணங்கள் ஆட்களுக்குப் பெயர் வைப்பதைவிட 'பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக' என்று காரணத்தைச் சொல்லியே பெரும்பாலும் எழுதும். முதலில் எனக்கு அது வறட்டு அலுவலக மொழியாகப் பட்டது. பிறகு ஒரு பெண் வந்தார். குட்டை முடி, சட்டை. ஆண்களைத்தான் நேசிக்கிறவர், ஆனால் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைத்து அடித்திருக்கிறார்கள். அடையாளப் பெயர் எதிலும் அவர் அடங்க மாட்டார், அந்த வறட்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டார்.

சட்டம் மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தன்பாலுறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகள் இன்னும் 60-க்கு மேல். அது சுலபமாக எண்ணக்கூடிய எண் என்பதால் எல்லோரும் அதையே எண்ணுகிறார்கள். தென் அமெரிக்காவின் கயானாவில், ஆண் ஒருவர் பெண்ணின் உடையை அணிவதைக் குற்றமாக்கிய 1893-ஆம் வருடச் சட்டத்தை வைத்துத் திருநங்கைகளைப் பிடித்தார்கள். கரீபிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது 2018-இல். பொது இடத்தில் தொல்லை, சந்தேகத்துக்கிடமாகத் திரிதல் என்று பிரிவுகளுக்கா பஞ்சம்? ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி நிலவரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது: சட்டத்தில் என்ன இருக்கிறது, அதை நடத்த என்ன செய்கிறார்கள், ஆளுக்கு என்ன கிடைத்தது. எங்கள் ஒன்பதாயிரம் சொற்களில் ஆறாயிரம் முதலாவதைப் பற்றியே இருந்தது. வெட்டுவதற்கு அங்கிருந்துதான் தொடங்கினேன்.

வெட்டினேன், வெட்டினேன். கடைசி இரவு இன்னும் 200 சொற்கள் அதிகமாக இருந்தன. இணையவழியில் ஏற்ற வேண்டிய கெடு மறுநாள், அதுவும் ஜெனீவா நேரப்படி. அந்த நேரத்தில் பெயரடைகள் போயின, 'உள்ளே', 'முன்னால்' மாதிரி இடம் சொல்லும் சொற்கள் போயின. 2,811-இல் நிறுத்தி அனுப்பினேன்.

அறிக்கை போனதோடு வேலை முடியவில்லை. மீளாய்வு நாளில் தன்னார்வ அமைப்புகளுக்குப் பேச வாய்ப்பே கிடையாது, நாடுகள்தான் பேசும். ஆகவே நம் வாக்கியத்தை ஒரு நாட்டின் வாயில் வைக்க வேண்டும். அதற்கு ஜெனீவாவுக்கு விமானச் சீட்டு வாங்க வேண்டிய அவசியமில்லை, தலைநகரில் இருக்கும் தூதரகங்களின் கதவைத் தட்டினாலும் நடக்கும். எங்களிடம் பணம் இல்லாததால் கற்றுக்கொண்ட வழி இது. ஒரு தூதரகத்தில் இளம் அதிகாரி ஒருவர் எங்களைச் சந்தித்தார். நான் அழகாகக் கட்டி எடுத்துப்போன அறிக்கையை அவர் திறக்கவே இல்லை. மொத்தம் மூன்றரை மணி நேரம், அதில் மற்ற நாடுகளுக்கு 140 நிமிடம், நூறு நாடு பேசினால் ஆளுக்கு 84 வினாடி என்று கணக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "நாங்கள் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் எது?"

என்னிடம் இருந்தது 'பாகுபாட்டை ஒழிக்கத் தேவையான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும்'. அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொள்ளவும் இல்லை. எந்த அரசும் அதற்குத் தலையாட்டும். எடுத்தாயா இல்லையா என்று அடுத்த முறை கேட்கவும் முடியாது. வரவேற்பறையிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: 'வயதுவந்த ஒருவர் தன் விருப்பத்தோடு வீட்டைவிட்டு வந்தது உறுதியானால், அவரைக் குடும்பத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.' சுற்றறிக்கை ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் நழுவ இடமில்லை. இந்த முறை எழுதிக்கொண்டார்.

மீளாய்வை ஐ.நா. வெப் டி.வி.யில் நேரலையாகப் பார்த்தோம். பேசுகிறவர்களின் தலைக்கு மேல் பல வண்ணத்தில் உருகி வழிவதுபோன்ற அந்தக் கூரை. ஒரு பிரதிநிதி எங்கள் வாக்கியத்தை, ஒரு சொல் மாறாமல், மூச்சு விடாத வேகத்தில் வாசித்தார். அறையில் இருந்த நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். கொஞ்சம் அசட்டுத்தனம்தான்.

முடிவு சில மாதம் கழித்து வந்தது. யு.பி.ஆரில் 'நிராகரித்தோம்' என்ற சொல் கிடையாது. ஒரு பரிந்துரையை அரசு ஏற்கலாம், அல்லது 'குறித்துக்கொண்டோம்' என்று சொல்லலாம். எங்கள் துறையில் வந்த பொதுப்படையான பரிந்துரை ஒன்றை ஏற்றார்கள். சுற்றறிக்கைப் பரிந்துரையைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல். வழக்கறிஞருக்கு இல்லை. குறித்துக்கொண்டதும் பதிவுதான், அடுத்த மீளாய்விலும் உடன்படிக்கைக் குழுக்களின் முன்னும் எடுத்துக்காட்டலாம் என்றார். ஏற்றுக்கொண்டது சில சமயம் நடந்தும் விடும். பசிபிக் தீவு நாடான நவ்ரு 2011 மீளாய்வில் தன்பாலுறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்க ஒத்துக்கொண்டு, 2016-இல் எடுத்தது. நாலைந்து வருடக் கணக்கில் யோசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. எனக்கு இன்னும் முழுசாக ஒத்துவரவில்லை. பாலீர்ப்பு, பாலின அடையாளத்துக்கான சுயாதீன நிபுணர் பொறுப்பே 2016-இல் 23-க்கு 18 என்ற வாக்கில் தப்பிப் பிறந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 2019, 2022, 2025 என்று மறுபடி வாக்கெடுப்பில் பிழைத்துக்கொண்டு வருகிறது.

வாக்குமூலம் கொடுத்தவர்களிடம் போய் 'உங்கள் சொல் இங்கே இருக்கிறது' என்று காட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே இல்லை என்ற மனக்குறை இந்த மக்களிடம் நிறைய. செவிலியரிடம் ஐ.நா. சுருக்கத்தின் அந்தப் பத்தியையும் எங்கள் அறிக்கையையும் எடுத்துப் போனேன். அவருடைய இரண்டு மணி நேரம் ஒரே வாக்கியமாகி இருந்தது. தமிழில் சொன்னேன்: 'காவல் நிலையத்துக்கு அருகிலிருந்து குடும்பத்தினர் கட்டாயமாக அழைத்துச் சென்றனர்.'

"அருகிலா?" என்றார். "அருகில் இல்லக்கா. உள்ள. அந்த ஆபீசர் மேசைக்கு முன்னாடி நின்னேன். ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட அண்ணன் என் பேனாவைத்தான் வாங்கினான்."

என் நோட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. உள்ளே, மேசைக்கு முன்னால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. நிலையத்துக்கு அருகில் நடந்தால் அது குடும்பத்தின் குற்றம், அரசு தடுக்கத் தவறியது என்று சுற்றி வளைத்து வாதாட வேண்டும். உள்ளே நடந்தால் செய்ததே அரசு. அந்தக் கடைசி இரவில் இடம் சேமிக்க நான் தூக்கிப்போட்டவை அந்தச் சொற்கள்தான்.

கெடு முடிந்த அறிக்கையைத் திருத்த வழியில்லை. நிபுணருக்குத் தனிக் கடிதமாக அனுப்பலாம், அதற்குச் சொல் வரம்பு இவ்வளவு நெருக்கடி இல்லை என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. படிவத்தை வாங்கி ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கச் சொன்னார். சம்பவ விவரம் சரி. வெளியிடும் அறிக்கையில் பெயர் வேண்டாம். அரசுக்கு எழுதும் கடிதத்தில் பெயர் சொல்லலாமா என்ற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் சொல்றேங்க்கா."

"சரி தம்பி."

அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, ஓரத்தில் தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.